இரண்டாவது கம்பியை யார் பார்த்துக்கொள்வது?



பள்ளிக்குக் கணினி வாங்குவதைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். நன்கொடை திரட்டியிருக்கிறோம், விருந்து நிகழ்ச்சி நடத்தியிருக்கிறோம், திறப்பு விழாவுக்கு நாடாவும் வெட்டியிருக்கிறோம். வாங்கிய கணினி தொடர்ந்து இயங்குவதற்கு என்ன செய்யவேண்டும் என்பதைப் பற்றி மட்டும் மிகக் குறைவாகவே பேசியிருக்கிறோம். இன்று அதைப் பற்றி என் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன்.

எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்குப் புதியதாக இருக்கலாம். லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் ஒரு வழங்கிக் கணினிக்கு இரண்டு பிணைய அட்டைகளைப் பொருத்தி, ஒன்று பழுதானாலும் மற்றது வேலையைத் தொடரும்படி அமைப்பதே அது. இது பொறியாளர்களின் விவகாரம் ஆயிற்றே, ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள எங்கள் பள்ளி ஒரு நல்ல காலைப் பொழுதை இழக்க வேண்டியிருந்தது.

எங்கள் கணினி அறையின் கதை

எங்கள் பள்ளியின் கணினி அறையில் ஒரு வழங்கி இருக்கிறது. ஒரு நிறுவனம் கழித்துவிட்ட பழைய கணினி அது. மாணவர்களின் வாசிப்புப் பகுதிகள், அவர்கள் தங்கள் குரலில் பதிவு செய்த கதைகள், பயிற்சித் தாள்கள் எல்லாம் அதில்தான் உள்ளன. வெளி இணையம் மெதுவாக இருந்தாலும், அடியோடு நின்றாலும், அறைக்குள் இருக்கும் கணினிகள் இந்த வழங்கியிலிருந்து பாடங்களைப் பெற்றுக்கொள்ளும்.

அதை அமைத்துக் கொடுத்தவர் எங்கள் முன்னாள் மாணவர். "ஐயா, இதற்கு இன்னொரு பிணைய அட்டையும் இன்னொரு கம்பியும் வேண்டும்" என்றார். அட்டையை ஐம்பது ரிங்கிட்டுக்கும் குறைவான விலையில் வாங்கினோம். ஆனாலும் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரு செயலவை உறுப்பினர் எழுந்து, "ஒரு கம்பியிலேயே வேலை நடக்கும்போது இன்னொன்று எதற்கு, ஐயா? சும்மா கிடக்கப் போகும் பொருளுக்கு ஏன் செலவு?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். நம் பணம் தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் உழைத்தவர்களின் பணம். ஒவ்வொரு ரிங்கிட்டுக்கும் கணக்குக் கேட்பது பெற்றோரின் உரிமை. அன்று நான் பதில் சொல்லவில்லை, செய்து காட்டினேன். கூட்டத்தார் முன்னிலையில் ஒரு மாணவனின் குரல் பதிவை ஓடவிட்டு, வழங்கியின் பின்புறமிருந்து ஒரு கம்பியைப் பிடுங்கினேன். கதை நிற்கவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள். கேள்வி கேட்ட உறுப்பினரும் தட்டினார். அந்தக் கைதட்டலில் நான் மயங்கிவிட்டேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

இரட்டை அட்டை எப்படி வேலை செய்கிறது?

லினக்ஸில் இதற்குப் 'பாண்டிங்' என்று பெயர். தமிழில் 'பிணைப்பு' எனலாம். இரண்டு அட்டைகளையும் சேர்த்து ஒரே அட்டை போலக் காட்டும் ஓர் ஏற்பாடு இது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு முகவரி ஒன்றே. உள்ளே ஆள் இருவர்.

இதன் பிறப்பு சுவையானது. 1994ஆம் ஆண்டு அமெரிக்க விண்வெளி அமைப்பான நாசாவின் கோடார்டு மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங், டொனால்ட் பெக்கர் ஆகிய இருவர், சாதாரணக் கணினிகள் 16ஐ ஒன்றாக இணைத்துப் 'பியோவுல்ஃப்' என்னும் கூட்டுக் கணினியை உருவாக்கினர். விலை உயர்ந்த மீக்கணினி செய்யும் வேலையை மலிவான கணினிகளைக் கூட்டிச் செய்ய முடியுமா என்பதே அவர்கள் நோக்கம். அக்காலத்து ஈதர்நெட் இணைப்பின் வேகம் நொடிக்கு 10 மெகாபிட் மட்டுமே. ஒரு கம்பி போதாததால் கம்பிகளைப் பிணைத்தார்கள். பெக்கர் எழுதிய அந்த நிரலிலிருந்து வளர்ந்ததுதான் இன்று எல்லா லினக்ஸ் வழங்கிகளிலும் உள்ள பிணைப்பு வசதி. வேகத்திற்காகத் தொடங்கியது பின்னர் பாதுகாப்புக்கும் பயன்படலாயிற்று. குறைந்த பணத்தில் பெரிய வேலை செய்ய எண்ணியவர்களின் கண்டுபிடிப்பு என்பதால், நம் பள்ளிகளுக்கு இது அந்நியமானது அன்று.

லினக்ஸ் பிணைப்பில் ஏழு முறைகள் உண்டு. அவற்றுள் மூன்றை மட்டும் வகுப்பறை மொழியில் சொல்கிறேன்.

முதல் முறையில் இரண்டு ஆசிரியர்கள் மாறி மாறிப் பாடம் நடத்துகிறார்கள். ஒரு வரி இவர், ஒரு வரி அவர். வேகம் கிடைக்கும், ஆனால் வரிகள் முன்பின்னாக வந்து சேரும் வாய்ப்பும் உண்டு. மற்றொரு முறையில் வழங்கியும் எதிர்முனையில் உள்ள சுவிட்சும் தமக்குள் பேசி உடன்பாடு செய்துகொள்கின்றன. இதற்கான பொதுத் தரம் 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஆனால், அந்த மொழி பேசத் தெரிந்த சுவிட்ச் வேண்டும்; நம் பள்ளிகளில் பெரும்பாலும் இருக்கும் மலிவான சுவிட்சுக்கு அது தெரியாது. மூன்றாவது முறையில் ஓர் ஆசிரியர் பாடம் நடத்துகிறார்; இன்னொருவர் வகுப்பறை வாசலில் காத்திருக்கிறார். முதலாமவர் மயங்கி விழுந்தால் இவர் உள்ளே வந்து, "இனி உங்கள் ஏடுகளை என்னிடம் கொடுங்கள்" என்று அறிவித்துவிட்டுத் தொடர்கிறார். கணினியும் அப்படியே ஓர் அறிவிப்பை வலையமைப்புக்கு அனுப்புகிறது. அதன்பின் சுவிட்ச் புதிய வழியில் தரவுகளை அனுப்பத் தொடங்குகிறது.

எங்களுக்கு அமைத்துக் கொடுத்தது இந்த மூன்றாவது முறை. பள்ளிகளுக்கு ஏற்றது இதுவே என்பது என் கருத்து. சுவிட்சில் எந்தச் சிறப்பு அமைப்பும் வேண்டாம். இரண்டு கம்பிகளை இரண்டு வெவ்வேறு சுவிட்சுகளில் செருகலாம்.

அந்தக் கடைசி வாக்கியம் முக்கியமானது. இரண்டு கம்பிகளையும் ஒரே சுவிட்சில் செருகிவிட்டு, 'எங்களிடம் இரண்டு வழி இருக்கிறது' என்று சொல்பவர்கள் உண்டு. சுவிட்ச் செத்தால் இரண்டும் சேர்ந்தே சாகும். 2006 டிசம்பர் 26இல் தைவானின் தெற்கே நிலநடுக்கம் ஏற்பட்டபோது நம் வட்டாரத்தில் இணையம் எப்படித் தடுமாறியது என்பது பலருக்கு நினைவிருக்கும். கடலடிக் கம்பிகள் ஒன்றல்ல, பல இருந்தன. ஆனால், அவற்றுள் பல ஒரே லூசோன் நீரிணை வழியாகச் சென்றன. கடலடி மண் சரிந்தபோது சேர்ந்தே அறுந்தன. சரிசெய்ய வாரக்கணக்கில் ஆயிற்று. இரண்டு கம்பியா என்று எண்ணிப் பார்ப்பது போதாது. இரண்டும் எந்த இடத்தில் ஒன்றுசேர்கின்றன என்றும் பார்க்கவேண்டும்.

கண்காணிப்பு என்னும் கண்

காத்திருக்கும் ஆசிரியர், உள்ளே இருப்பவர் விழுந்துவிட்டார் என்று எப்படி அறிவார்? யாராவது பார்க்கவேண்டும். லினக்ஸில் இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. இரண்டில் ஒன்றைத்தான் பயன்படுத்தலாம்; இரண்டையும் ஒருசேரப் பயன்படுத்த முடியாது.

ஒன்று, கம்பியில் உயிர் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது. 100 மில்லிநொடிக்கு ஒருமுறை, அதாவது நொடிக்குப் பத்து முறை, பார்க்கும்படி அமைப்பது வழக்கம். தலைமையாசிரியர் நடைபாதையில் போகும்போது சன்னல் வழியாக, 'ஆசிரியர் நிற்கிறார்' என்று பார்த்துச் செல்வதைப் போன்றது இது. ஆசிரியர் நிற்கிறார், சரி, பாடம் நடக்கிறதா? அது தெரியாது. சுவிட்ச் உறைந்துபோய், விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தால் இந்த வழியில் கண்டுபிடிக்க முடியாது.

மற்றொன்று, வலையமைப்பில் உள்ள வேறொரு கருவியைக் கூப்பிட்டுப் பதில் வருகிறதா என்று பார்ப்பது. மாணவனை எழுப்பி, 'என்ன படித்தாய்?' என்று கேட்பதைப் போன்றது. இது மேலானது, ஆனால் கேட்கும் மாணவனைச் சரியாகத் தேர்ந்தெடுக்கவேண்டும். மாலையில் அணைத்துவிடும் ஒரு கணினியின் முகவரியைக் கொடுத்தால், அது உறங்கியதும் வழங்கி தன் கம்பிகளே செத்துவிட்டதாக எண்ணிக் குழம்பும். எப்போதும் விழித்திருக்கும் கருவிகளின் முகவரிகளையே கொடுக்கவேண்டும். 16 முகவரிகள் வரை கொடுக்கலாம்.

இரண்டில் எதையும் அமைக்காமல் விட்டுவிடுவது பெரும்பிழை. லினக்ஸ் கருவகத்தின் கையேடே இதனை வலியுறுத்திச் சொல்கிறது. அட்டைகள் இரண்டு இருக்கும். ஒன்று விழுந்ததை அறியும் கண் இருக்காது.

அந்தக் காலைப் பொழுது

எங்கள் வழங்கியில் அந்தக் கண் இருந்தது. சரியாகவும் வேலை செய்தது. பிறகு ஏன் கெட்டது?

பெற்றோர் தினம். ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் தாங்களே எழுதிப் பதிவு செய்த கதைகளைப் பெற்றோர் கேட்பதாக ஏற்பாடு. ஒரு தாயார் தொழிற்சாலையில் இரவு வேலையை முடித்துவிட்டு, வீட்டுக்குப் போகாமல் நேராகப் பள்ளிக்கு வந்திருந்தார். சீருடைகூட மாற்றவில்லை. அவர் மகள் காதணிக் கருவியை அம்மாவின் தலையில் மாட்டிவிட்டு, கோப்பைச் சொடுக்கினாள். ஒன்றும் வரவில்லை. அறையில் இருந்த எந்தக் கணினியிலும் வரவில்லை. நாங்கள் அங்கும் இங்கும் ஓடினோம். முக்கால் மணி நேரம் காத்திருந்துவிட்டு, "பரவாயில்லைங்க ஐயா, அடுத்த முறை பார்த்துக்கலாம்" என்று சொல்லி அந்த அம்மா புறப்பட்டார். சிறுமி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

பிற்பகலில் காரணம் தெரிந்தது. அறையைக் கூட்டியபோது வழங்கியின் ஒரு கம்பி கழன்றிருக்கிறது. அதன் செருகியின் சிறு நாக்கு ஏற்கனவே உடைந்திருந்தது. சரி, இரண்டாவது கம்பி என்னவாயிற்று? அது நான்கு மாதங்களுக்கு முன்பே இறந்துவிட்டிருந்தது! பள்ளிக் கோத்தோங் ரோயோங் நாளில் அலமாரியை நகர்த்தியபோது அதன் கால் கம்பியின்மேல் ஏறி நசுக்கியிருக்கிறது. வழங்கி அன்றைக்கே தன் பதிவேட்டில் நாள், நேரம் குறித்து எழுதிவைத்திருந்தது. அந்த நொடியிலேயே மற்றக் கம்பிக்கு மாறியும் விட்டது. பாடம் ஒரு நொடிகூட நிற்கவில்லை. நிற்காததால்தான் எவருக்கும் தெரியவில்லை.

இங்கேதான் இரட்டை அமைப்பின் ஆபத்து இருக்கிறது. ஒற்றைக் கம்பி அறுந்தால் அறையே கூச்சல் போடும். அரை மணியில் சரிசெய்துவிடுவோம். இரட்டைக் கம்பியில் ஒன்று அறுந்தால் அமைதிதான் நிலவும். இரண்டாவது கம்பி நமக்குத் தருவது பாதுகாப்பு அன்று, அவகாசம். எங்களுக்கு நான்கு மாத அவகாசம் தந்தது. அதை நான் வீணடித்தேன்.

'நான்' என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. முன்னாள் மாணவர் வேலை நிமித்தம் வெளிநாடு செல்லும்முன், "ஐயா, வாரம் ஒருமுறை இந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள்" என்று காட்டிவிட்டுத்தான் போனார். முதல் மூன்று வாரம் பார்த்தேன். பிறகு விளையாட்டுப் போட்டி வந்தது. தேர்வுத் தாள் வந்தது. எல்லாம்தான் நன்றாக ஓடுகிறதே என்று விட்டுவிட்டேன்.

'கணினியே வேண்டாம்' என்பவர்களுக்கு

அடுத்த சங்கக் கூட்டத்தில் அதே உறுப்பினர் எழுந்தார். "அன்றைக்கே சொன்னேன். இந்தப் பணத்திற்குப் பயிற்சி நூல் வாங்கியிருக்கலாம்" என்றார். பலர் தலையசைத்தனர். எனக்கு அன்று உறைத்த உண்மை இதுதான்: நாங்கள் இழந்தது ஒரு காலைப் பொழுதை மட்டும் அன்று, தமிழ்ப்பள்ளியாலும் இதையெல்லாம் செய்ய முடியும் என்ற நம்பிக்கையின் ஒரு பகுதியையும் இழந்தோம். வசதியான பள்ளியில் கணினி நின்றால், 'கணினி கெட்டுவிட்டது' என்பார்கள். நம் பள்ளியில் நின்றால், 'தமிழ்ப்பள்ளியில் இப்படித்தான்' என்று நம்மவர்களே சொல்வார்கள்.

அவருக்கு நான் சொன்ன பதிலையே இங்கும் எழுதுகிறேன். இரண்டாவது கம்பிக்குச் செலவழித்தது வீண் அன்று. செலவழித்ததோடு கடமை முடிந்தது என்று எண்ணியதே தவறு. அட்டைக்கு ஐம்பது ரிங்கிட் ஒதுக்கினோம். அதைப் பார்ப்பதற்கு வாரத்தில் ஐந்து நிமிடம் ஒதுக்கவில்லை.

எல்லாம் மேகக் கணிமைக்குப் போய்விட்டதே, பள்ளிக்குள் வழங்கி எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. அப்படியே இருக்கட்டும். மேகத்திற்குப் போகும் வழி எத்தனை? பள்ளியிலிருந்து வெளியே செல்லும் இணைப்பு ஒன்றே ஒன்று என்றால், கேள்வி இடம் மாறியிருக்கிறதே தவிர மறையவில்லை.

இது ஆசிரியரின் வேலையா என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். நம் சுமை எனக்குத் தெரியாததன்று. ஆனால், இணையத்தில் தமிழ் எழுத்துகள் தோன்றுவதற்கு முன்னின்று உழைத்தவர்களுள் ஒருவர் சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி, அவர் ஆசிரியர்களைப் பயிற்றுவித்த விரிவுரையாளர். மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலை உருவாக்கினார். எவரோ வந்து செய்து தருவார் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. அவர்கள் செய்த அளவுக்கு நாம் செய்ய வேண்டியதில்லை. ஒரு கோப்பைத் திறந்து மூன்று வரியைப் படித்தால் போதும்.

இப்போது நாங்கள் செய்வது

அந்தக் கோப்பு லினக்ஸில் தானாகவே இருக்கிறது, வாங்க வேண்டியதில்லை. அதில் மூன்று செய்திகளைப் பார்க்கிறோம். இப்போது வேலை செய்யும் அட்டை எது? காத்திருக்கும் அட்டை உயிரோடு இருக்கிறதா? ஒவ்வோர் அட்டையின் இணைப்பும் இதுவரை எத்தனை முறை அறுந்திருக்கிறது? இந்த மூன்றையும் ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரு குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதுகிறோம். குறிப்பேடு வழங்கியின் பக்கத்திலேயே கயிற்றில் தொங்குகிறது. எழுதுபவர்கள் ஆறாம் ஆண்டுக் கணினிக் கழக மாணவர்கள், கையொப்பமிடுபவர் ஆசிரியர்.

மாதத்தின் முதல் திங்களன்று, பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு கம்பியைக் கழற்றுகிறோம். பாடம் தொடர்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பச் செருகுகிறோம். அடுத்த மாதம் மற்றக் கம்பி. வேலை செய்யும் என்று நம்பிக்கொண்டிருப்பதை விட, நாமே கழற்றிப் பார்த்துவிடுவது நல்லது. கெடுவதானால் சாதாரணத் திங்களன்று கெடட்டும். பெற்றோர் தினத்தன்று வேண்டாம்.

இரண்டு கம்பிகளும் இப்போது இரண்டு சுவிட்சுகளில், இரண்டு வேறு மின்செருகிகளில் இருக்கின்றன. மாணவர் கணினிகளைப் பாதிப் பாதியாகப் பிரித்து இரண்டிலும் இணைத்திருக்கிறோம். ஒரு சுவிட்ச் நின்றால் பாதிக் கணினிகள் நிற்கும். இருவருக்கு ஒரு கணினி என்று பாடம் நடக்கும். முழுமையானது அன்று, எங்கள் பணத்திற்கு இதுவே முடிந்தது.

கடைசியாக, வழங்கியின் கடவுச்சொல் என் ஒருவனிடம் மட்டுமே இருந்தது. நான் மருத்துவமனையில் படுத்தால் வழங்கியும் படுத்துவிடும்! இப்போது இன்னோர் ஆசிரியைக்கும் தெரியும். முத்திரையிட்ட உறை ஒன்று தலைமையாசிரியரின் பெட்டகத்தில் இருக்கிறது. அட்டையை இரட்டிப்பாக்கிய நாங்கள் ஆளை இரட்டிப்பாக்க மறந்திருந்தோம்.

பெற்றோர்களே, உங்கள் பள்ளிச் சங்கக் கூட்டத்தில் கணினிக் கணக்கு வாசிக்கப்படும்போது, எத்தனை வாங்கினீர்கள் என்று கேட்பதோடு இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேளுங்கள். மாற்று வழியைக் கடைசியாகச் சோதித்துப் பார்த்தது எப்போது? பொறுப்பாசிரியர் இல்லாத நாளில் இதைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர் யார்? ஆசிரியர்களே, இந்தக் கேள்விகளைக் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். என்னிடம் எவரேனும் முன்பே கேட்டிருந்தால், அந்த அம்மா தம் மகளின் கதையைக் கேட்டுவிட்டுப் போயிருப்பார்.

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை, காலைச் சபைகூடல் தொடங்குமுன் அதே சிறுமி என்னைத் தேடி ஓடிவந்தாள். இப்போது ஆறாம் ஆண்டு. கணினிக் கழகத்தில் இருக்கிறாள். "ஐயா, இரண்டாவது அட்டையில் போன வாரம் சுழியம் இருந்தது. இன்றைக்கு மூன்று" என்றாள். போய்ப் பார்த்தோம். செருகி சற்றே தளர்ந்திருந்தது. கம்பியை மாற்றினோம், ஐந்து நிமிட வேலை. பள்ளியில் வேறு எவருக்கும் இது தெரியாது. யாரும் கைதட்டவில்லை. குறிப்பேட்டில் தேதியிட்டு அவள் எழுதினாள், நான் கையொப்பமிட்டேன்.

சிந்திப்போம், செயல்படுவோம்.